யாரும் அசையக் கூடாது

கார்வெல் கல்லூரியில் நான் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. என் கணவன் ராய்ஸும் படித்ததில்லை. எங்கள் ஊரில் அந்தக் கல்லூரி அணிக்காக உயிரை விடுகிறவர்களில் பாதிப் பேர் அதன் வகுப்பறையை எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது. அதனால் என்ன? என் அப்பா முப்பது வருஷம் அந்த அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் வெள்ளைக் கோடு போட்டவர். படித்தவன் நாலு வருஷத்தில் பட்டத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவான். நாங்கள் எங்கே போவது?

கார்வெல் அணிக்குப் பெயர் கோவேறு கழுதைகள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பெல்ஃபோர்ட் அணிக்குப் பெயர் கொக்குகள். அது மட்டும் என்ன வாழ்ந்தது? எங்கள் நிறம் அரக்குச் சிவப்பு, அவர்கள் நிறம் பச்சை. என் வீட்டில் பச்சைத் துண்டு கிடையாது, பச்சைக் கோப்பை கிடையாது. ஒருமுறை ராய்ஸ் தெரியாத்தனமாகப் பச்சை வாளி ஒன்றை வாங்கி வந்தான். மறுநாளே திருப்பிக் கொடுக்க வைத்தேன். கடைக்காரர் காரணம் கேட்கவில்லை. அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே.

ராய்ஸின் தம்பி ஹார்லனும் ஒரு காலத்தில் அரக்குச் சிவப்புதான். பதினொரு வருஷத்துக்கு முன்னால், பெல்ஃபோர்ட் ஆட்டத்தில் கடைசி மூன்று விநாடி. எங்கள் பையன் பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பிவிட்டால் வெற்றி. என் வீட்டுக் கூடத்தில் ஒன்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஹார்லன் எழுந்து கழிப்பறைக்குப் போனான். பந்து இடது கம்பத்தில் பட்டுத் திரும்பி விழுந்தது.

அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, இனி என் வாசலை மிதிக்காதே என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. மூன்று வருஷம் அவனை வீட்டுக்குள் விடவில்லை. நாலாவது வருஷம் அவன் மகள் பெல்ஃபோர்ட்டில் சேர்ந்தாள். அவனும் தலையில் பச்சைத் தொப்பியை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தான். பிறவியிலேயே பச்சையாக இருப்பவனைக்கூட மன்னித்துவிடலாம், அது அவன் பெற்றோர் செய்த பிழை. கட்சி மாறியவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? "நீ துரத்துனதாலதான் அங்க போனேன்" என்று அவன் தேவாலய வாசலில் என்னிடம் சொன்னான். எனக்குக் காது கேட்கவில்லை.

அந்த உதைக்குப் பிறகுதான் வீட்டில் சட்டம் வந்தது. கார்வெல் புள்ளி எடுக்கும் நேரத்தில் யார் எப்படி உட்கார்ந்திருக்கிறார்களோ, எதிரணி அடுத்த புள்ளி எடுக்கும்வரை அப்படியேதான் இருக்க வேண்டும். கால் மேல் கால் என்றால் கால் மேல் கால். கை கிண்ணத்தில் என்றால் கை கிண்ணத்தில். யாரும் அசையக் கூடாது. இதைப் பைத்தியம் என்று நினைப்பவர்கள் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் சனிக்கிழமை நுழைந்து பார்க்கலாம். பக்கத்து வீட்டு ஆள், அணி தோற்கும்போதெல்லாம் தானே போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொள்வார். அவர் உள்ளே இருந்தால் ராசி இல்லையாம். வீட்டுக்கு வீடு வாசற்படி.

இந்த செப்டம்பரில் ராய்ஸுக்கு அறுபத்தாறு முடிந்தது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"பெல்ஃபோர்ட் ஆட்டத்துக்கு ஹார்லனைக் கூப்பிடலாம்" என்றான்.

"வேற ஏதாவது கேளு."

"வேற எதுவும் வேண்டாம் நெல்டா. எனக்கு இருக்கறது ஒரே ஒரு தம்பி."

சரி என்றேன். ஆனால் அவன் எங்கே உட்கார வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்தேன். சமையலறைக் கதவை ஒட்டி, ராய்ஸின் சாய்நாற்காலிக்குப் பின்னால், முதுகு நேரான ஒரு மர நாற்காலி. அங்கிருந்து தொலைக்காட்சி தெரியும், அண்ணனின் பின்மண்டை தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. ராய்ஸின் முகத்தைப் பார்க்கக்கூடிய இடம் அந்தக் கூடத்தில் ஒன்றுதான். பக்கவாட்டு சோபாவில், நான் உட்காரும் இடம்.

ஆட்டம் இரண்டரை மணிக்குத் தொடங்கியது. முதல் ஒரு மணி நேரத்தை நினைக்கவே வயிறு எரிகிறது. பதினாறுக்குப் பூஜ்யம். காலை முக்காலியில் நீட்டி, அவித்த வேர்க்கடலைக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ராய்ஸ் ஒரு வார்த்தை பேசாமல் உரித்துத் தின்றான். பின்னாலிருந்து மட்டும் குரல் வந்துகொண்டே இருந்தது.

"கழுதை கெட்டா குட்டிச்சுவருன்னு சும்மாவா சொன்னாங்க?"

"வாயை மூடு ஹார்லன்."

"நான் கழுதையைச் சொன்னேன். உன்னையா சொன்னேன்?"

ராய்ஸ் சிரித்தான். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோள் குலுங்க, முழு வாயால் சிரித்தான்.

எங்கள் பயிற்சியாளர் சுற்றி வளைத்து ஏதோ தந்திரம் செய்தார். பந்தை ஒருவனிடம் கொடுப்பதுபோல் காட்டி, இன்னொருவனிடம் கொடுத்து, அவன் திரும்ப எறிந்து. "எங்க கொக்குத் தலையில வெண்ணெய் வெச்சுப் பிடிக்கப் பாக்கறாங்கடோய்" என்று ஹார்லன் சொல்லி முடிக்கவில்லை. பந்து எங்கள் பையன் ஒருவன் கையில் போய் உட்கார்ந்தது. முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. ஓடினான்.

அப்போதுதான் ராய்ஸின் வலது கை நாற்காலியின் கைப்பிடியிலிருந்து நழுவியது. விரலில் இருந்த கடலை தரையில் விழுந்தது. அவன் என் பக்கம் திரும்பினான். வாயின் வலது ஓரம் கீழே தொங்கியிருந்தது. "நெல்" என்றான். மீதி வார்த்தை குழைந்து போயிற்று. இடது கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான்.

எங்கள் பையன் எல்லைக் கோட்டைத் தாண்டினான். கார்வெலின் முதல் டச் டவுன், கூடவே வரும் உதையோடு ஏழு புள்ளி.

"உட்காரு! அசையாத!" என்று நான் கத்தினேன்.

அவன் உட்கார்ந்தான்.

அவன் முகத்தை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. உடனே இன்னொரு எண்ணமும் வந்தது. வியாழக்கிழமை அவன் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தான். மரத்துப்போன வாய் இன்னும் சரியாகவில்லை போல. இரண்டு நாள் கழித்தா வாய் மரத்திருக்கும்? மூளை இருக்கிற யாரும் அதை நம்பமாட்டார்கள். நான் நம்பினேன். நம்ப வேண்டியிருந்தது, ஏனென்றால் அடுத்த பத்து நிமிஷத்துக்குள் எங்கள் பையன்கள் பந்தைப் பிடுங்கி இன்னொரு டச் டவுன் போட்டார்கள். பதினாறுக்குப் பதினாலு.

பின்னால் ஹார்லன் வாயடைத்துப் போயிருந்தான். பதினொரு வருஷத்தில் அவனை அப்படி நான் கண்டதில்லை. என் ரத்தம் கொதித்தது, சந்தோஷத்தில்.

இடைவேளையில் ராய்ஸின் கண் பாதி மூடியிருந்தது. "ராய்ஸ்" என்று மெல்லக் கூப்பிட்டேன். கண்மணி என் பக்கம் நகர்ந்தது. பதில் இல்லை. சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் பகுதி தொடங்கிக் கால் மணி நேரத்தில் மைதானத்துக்குப் பக்கத்தில் மின்னல் வெட்டியது. ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் உள்ளே அனுப்பினார்கள். மின்னல் நின்று அரை மணி நேரம் ஆகாமல் மறுபடி தொடங்க மாட்டார்கள். நடுவில் இன்னொன்று வெட்டினால் அந்த அரை மணி முதலிலிருந்து. அப்போது நாலரை மணி.

"இப்ப எந்திரிக்கலாமா மேடம்? உத்தரவு உண்டா?" என்றான் ஹார்லன்.

"கடிகாரம்தான் நின்னிருக்கு. ஆட்டம் முடியல."

"எனக்குப் புரோஸ்டேட் கோளாறு நெல்டா, ஒண்ணுக்கு அடக்க முடியாது. பதினொரு வருஷத்துக்கு முன்னாடியும் அதேதான்."

"சமையலறைக் கதவு வழியாப் போ. அதே வழியா வா. அதே மாதிரி உட்காரு. முன்னால வராத."

அவன் போனான். சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து, பின்னாலிருந்தே கையை நீட்டி ராய்ஸின் பக்கத்து மேசையில் ஒரு கோப்பையை வைத்தான்.

"அண்ணே, காபி."

ராய்ஸ் அசையவில்லை.

"தூங்குறான். காபி வேண்டாம்னான். விடு" என்றேன்.

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் ஒன்றுமே சொல்லவில்லை. அந்தப் பொய்யை நான் எதற்குச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஹார்லன் முன்னால் வந்து பார்த்துவிடுவானோ என்ற பயம்தான். பார்த்தால் எழுப்புவான். எழுப்பினால் எல்லாம் கலையும்.

மழை கூரையில் அடித்து ஊற்றியது. மின்னல் நின்றபாடில்லை. தொலைக்காட்சியில் பழைய ஆட்டங்களைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹார்லன் பின்வாசல் தாழ்வாரத்தில் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் ராய்ஸின் வாயோரத்தில் எச்சில் வழிந்து தாடையில் இறங்குவதைப் பார்த்தேன். சோபாவிலிருந்து எட்டி, ஒரு காகிதக் கைக்குட்டையால் துடைத்தேன். தலை அசைந்துவிடாமல், அவ்வளவு கவனமாகத் துடைத்தேன். கன்னம் சூடாக இருந்தது. மூச்சு சீராக வந்தது. தூக்கம்தான், தூக்கம்தான் என்று சொல்லிக்கொண்டே என் இடத்துக்குத் திரும்பினேன்.

காபியில் ஆடை படிந்தது.

ஆறு இருபதுக்கு ஆட்டம் மறுபடி தொடங்கியது. அதன்பிறகு நடந்ததை இந்த மாநிலத்தில் எல்லாரும் பார்த்தார்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஒரு புள்ளி எடுக்கவில்லை. பெல்ஃபோர்ட் எங்கள் கோட்டருகே இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் கையைப் பிசைந்துகொண்டு திரும்பியது. ஒவ்வொரு தடவையும் நான் ராய்ஸைப் பார்த்தேன். அவன் சாய்ந்த வாக்கில் அப்படியே இருந்தான். அவன் அசையாமல் இருப்பதால்தான் எல்லாம் நடக்கிறது என்று தோன்றியது. கடவுளே, அவன் மீது எனக்கு நன்றி பொங்கியது.

கடைசி ஏழு விநாடி. நாற்பத்தோரு கஜ தூரத்திலிருந்து உதைக்க வேண்டும். உள்ளே போனால் மூன்று புள்ளி, பதினேழுக்குப் பதினாறு. பெல்ஃபோர்ட் பயிற்சியாளர் வேண்டுமென்றே நேரம் கேட்டு நிறுத்தினார், பையனின் நெஞ்சு பதறட்டும் என்று. என் நகம் சோபாத் துணியைக் கிழித்தது.

ராய்ஸின் கால் முக்காலியிலிருந்து வழுக்கி விழுந்தது. கடலைக் கிண்ணம் அதோடு தரையில் உருண்டது.

"அண்ணே?" என்றான் ஹார்லன்.

"உட்காருடா!"

"அண்ணே, என்ன ஆச்சு?" நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

"ஹார்லன், எந்திரிச்சேன்னு வை, உன்னைக் கொன்னுடுவேன். ஏழு விநாடி. ஏழே ஏழு விநாடி!"

அவன் எழுந்தான். சாய்நாற்காலியைச் சுற்றி வந்து எனக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் நின்றான். அண்ணனின் முகத்தை முதல்முறையாகப் பார்த்தான். குனிந்து இரண்டு கையாலும் அந்த முகத்தைத் தூக்கினான். தலை வலப்பக்கம் துவண்டது.

"நெல்டா, ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

நான் பக்கவாட்டில் சாய்ந்தேன். அவன் இடுப்பைத் தாண்டித் திரை தெரிவதற்காக. பந்து எழும்பி இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போய் விழுந்தது. ஹார்லன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

தெருவெல்லாம் வண்டிகள் ஒலியெழுப்பின. பக்கத்து வீட்டு ஆள் வண்டிக்குள்ளிருந்து கூவினார். பச்சைத் தொப்பி போட்ட ஹார்லன் என் போனை என் மடியிலிருந்து பிடுங்கி, அவசர எண்ணை அழுத்தி, என் வீட்டு முகவரியைச் சொன்னான்.

ஆம்புலன்ஸும் அதன் பின்னால் என் வண்டியுமாக மருத்துவமனைக்கு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ராய்ஸைத் தள்ளிக்கொண்டு போய்த் தலையைப் படம் எடுத்தார்கள். நானும் ஹார்லனும் சுவரோரம் நின்றோம். நான் அரக்குச் சிவப்புச் சட்டையில், அவன் பச்சையில். போகிறவர் வருகிறவரெல்லாம் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பைச் சிரிக்க வந்து, முகத்தைக் கண்டதும் விழுங்கிக்கொண்டார்கள்.

எட்டு இருபதுக்கு டாக்டர் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. சட்டையில் ட்ராமெல் என்று பெயர். சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு. அங்க உறைஞ்ச ரத்தக்கட்டியைக் கரைக்க ஒரு மருந்து இருக்கு. ஆனா பக்கவாதம் ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள ஏத்தணும். அதுக்கு மேல போயிருந்தா அதே மருந்து மூளைக்குள்ள ரத்தத்தைக் கொட்டிடும், ஆளையே கொன்னுடும். அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கடைசியா அவர் நல்லா இருந்ததை யார் பார்த்தது? எத்தனை மணிக்கு?"

"ஏழரைக்குத்தான் டாக்டர் கவனிச்சோம்" என்றான் ஹார்லன். "அதுவரைக்கும் தூங்கிட்டிருந்தான்."

"தூங்கறதுக்கு முன்னாடி?"

"மின்னல் வந்தப்ப. ஆட்டத்தை நிறுத்தினாங்களே, நாலரை. நான் காபி கொண்டுபோனேன். நல்லாத்தான் இருந்தான். காபி வேண்டாம்னு சொன்னான்." என் பக்கம் திரும்பினான். "உன்கிட்டதானே சொன்னான் நெல்டா?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலரைன்னா ஒன்பது மணி வரைக்கும் நேரம் இருக்கு. ஏத்திடலாம்." தாதியிடம் கையைக் காட்டினாள். "அம்மா, நீங்க சொல்லுங்க. நாலரைக்கு நல்லா பேசினாரா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தை போதும். மருந்து கிடைக்கும். சில பேருக்கு நேரம் தாண்டியும் அது வேலை செய்திருக்காதா? ராய்ஸ் எழுந்து உட்காரலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். ஹார்லனுக்குத் தெரிய வேண்டாம். தாதி ஏற்கெனவே பாதி தூரம் போய்விட்டாள்.

"இல்ல" என்றேன். "மூணு நாற்பது."

டாக்டர் நிமிர்ந்தாள். "எது மூணு நாற்பது?"

"வாய் கோணினது. கை விழுந்தது. பேச்சு குழறினது."

"அவ்வளவு சரியா எப்படித் தெரியும்?"

"கார்வெலோட முதல் டச் டவுன். இரண்டாம் பகுதில நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி பாக்கி இருந்துது. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்புறம் நாலரைக்கு?"

"அவன் பேசவே இல்ல. காபி வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

அவள் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. நானும் அதற்குள் கூட்டியிருந்தேன். எட்டு பத்து. சுவர்க் கடிகாரம் எட்டு இருபத்து நாலு காட்டியது. பதினாலு நிமிஷம். மின்னல் வெட்டியபோது சொல்லியிருந்தால், எச்சிலைத் துடைத்தபோது சொல்லியிருந்தால், ஆறு இருபதுக்கு ஆட்டம் மறுபடி தொடங்கியபோது சொல்லியிருந்தால்கூட.

டாக்டர் தாதியைக் கூப்பிட்டு நிறுத்தினாள். "சொன்னதுக்கு நன்றிம்மா" என்றாள் என்னிடம். கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பர்மிங்ஹாமில் பெரிய மருத்துவமனை இருக்கிறது, தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுப்பார்கள், அதற்கு இன்னும் நேரம் இருக்கலாம், உறுதி இல்லை என்றாள். ஹெலிகாப்டர் இந்த மின்னலில் எழும்பாது. ஆம்புலன்ஸில் தொண்ணூறு மைல். போனில் பேசியபடியே ஓடினாள்.

ஹார்லன் சுவரை விட்டு நகரவில்லை. தொப்பியைக் கழற்றி இரண்டு கையிலும் வைத்திருந்தான்.

"அவன் எந்திரிக்கப் பார்த்தானா?" என்றான்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"நெல்டா, நான் பின்னாடிதானே இருந்தேன். நாற்காலி கிரீச்சுன்னுச்சு. அவன் எந்திரிக்கப் பார்த்தானா?"

"ஆமா."

"நீ உட்காருன்னு கத்தின. என்னைச் சொல்றேன்னு நினைச்சேன்."

"உன்னைச் சொல்லல."

அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது. அவன் தரையைப் பார்த்தபடி மூச்சு விட்டான். சமாதானம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பல் பிடுங்கியிருந்தான் என்று தொடங்கினேன்.

"வேண்டாம்" என்றான் ஹார்லன். "ஒண்ணும் சொல்லாத."

ஆம்புலன்ஸில் ஒருவருக்குத்தான் இடம். ஓட்டுநர், யார் வருவது என்று கேட்டார். நான் படியில் கால் வைத்தேன். ஹார்லன் கை நீட்டி மறித்தான். தொடவில்லை, குறுக்கே நீட்டினான், அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வருஷமாக அந்த ஆளின் மனைவி நான். பச்சைச் சட்டை போட்ட ஒருவனுக்காக ஒரு அடி பின்வாங்கியவள் இல்லை. காலை எடுத்துக் கீழே வைத்தேன். அவன் ஏறினான். கதவு மூடியது.

பின்னால் என் வண்டியில் போனேன். மழையில் அந்தச் சிவப்பு விளக்கை விடாமல் துரத்தினேன். வழியெல்லாம் அரக்குச் சிவப்புக் கொடி கட்டிய வண்டிகள் எதிரே வந்தன. பதினொரு வருஷம் காத்திருந்த ராத்திரி அது. என்னைப் போலத் தவம் கிடந்தவள் இந்த மாநிலத்தில் இல்லை. ஒரு கொடிக்குக்கூட நான் ஒலியெழுப்பவில்லை.

பர்மிங்ஹாமில் எல்லாரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். வாசலில் வாங்கிக்கொண்ட தாதி கேட்டாள். நரம்பு டாக்டர் கேட்டார். மயக்க மருந்துக்காரர் கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஹார்லன் வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் நான் சொன்னேன். மூணு நாற்பது. ஆமா, நானே பார்த்தேன். ஆமா, அப்போதே. ஏன் அழைத்து வரவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் போட்டிருந்த சட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்கள்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கும் என்றார்கள். வலது கையும் காலும் எவ்வளவு திரும்பும், பேச்சு எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். வந்திருந்தால் என்று ஒரு டாக்டர் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு என்னை உள்ளே விட்டார்கள். ஹார்லன் ஜன்னலோரம் நின்றிருந்தான். அவன் திரும்பவில்லை. ராய்ஸ் விழித்திருந்தான். முகத்தின் ஒரு பாதி என் ராய்ஸ், மறுபாதி யாரோ. அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். கை சூடாக இருந்தது, என் விரலை இறுக்கியது. அந்தப் பிடியிலேயே விட்டிருக்கலாம். ஊரெல்லாம் சொல்லிவிட்டு இவனிடம் மட்டும் சொல்லாமல் எப்படி இருப்பது?

"ராய்ஸ்" என்றேன். "நேத்து நீ எந்திரிக்கப் பார்த்தப்ப உன் முகத்தை நான் பார்த்தேன். உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உட்காரச் சொன்னேன்."

அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றான். கழுத்து நரம்பு புடைத்தது. தாதி, சிரமப்பட வேண்டாம் என்றாள். அவன் விடவில்லை. வாயின் நல்ல பக்கத்தால் ஒவ்வொரு எழுத்தாக இழுத்து வெளியே போட்டான்.

"பா... பாத்... தேன்."

நான் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாலு மணி நேரமும் அவன் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.